எண்பது ஓம்

ஒரு நாளைக்குப் பதினாறு, பதினேழு பேருடைய காதை மூடுகிறேன்.
பர்தமானிலிருந்து ரயிலேறி வந்தவர்,
பலமனேர்க்காரம்மா,
குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் செய்பவர்.
“சத்தம் வரும். பயப்படாதீங்க. ஆடாதீங்க.”
நாலு மொழியில் சொல்வேன், வங்காளம் கொஞ்சம் தப்பாக.
பிறகு ஸ்கேன் குழாய்க்குள் தள்ளிவிட்டு
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
காலால் தாளம் போடுவேன்.

டட்டட்டட்டட்.
நிறுத்தம்.
ங்ங்ங்ங் என்று நீளமாய் ஒன்று.
முழங்காலுக்கு ஒரு வேகம், மூளைக்கு வேறு.

வீட்டில் நான் கேட்பதும் இந்த வகைதான்.
குரல் கிடையாது. வரி கிடையாது.
அறைத்தோழி மெர்லின் ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு
“பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?” என்றாள்.

எட்டு மாத ஞாயிற்றுக்கிழமை டூட்டி,
ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய்.
ஆபீசர்ஸ் லைனில், செருப்புக்கடை மாடியில்,
ஜுனைத் மூன்றை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தான்.
“எது வேணா போட்டுப் பாருங்க. ஏசி மட்டும் இல்ல.”
மே மாதம். வேலூர்.
முதல் ஹெட்ஃபோனுக்குள் முதலில் போனது என் வியர்வை.

அது வெறும் அடி.
மணல் லாரி நெஞ்சின் மேல் ரிவர்ஸ் எடுப்பதுபோல்.
மற்றதெல்லாம் அதன் சக்கரத்துக்கடியில்.
“பசங்க இதைத்தான் வாங்குறாங்க” என்றான்.
வாங்கட்டும் என்றேன்.

இரண்டாவதன் முதுகு சல்லடை.
போட்டதும் அந்த மாடியறை போய்விட்டது.
கோட்டை மைதானம் அளவுக்கு இடம்;
மணிபோல் ஏதோ ஒன்று
அகழியின் அந்தக் கரையிலிருந்து வந்தது.
கழற்ற மனமில்லை.
ஆனால் கல்லாப்பெட்டிக்கு அந்தப் பக்கம்
ஜுனைத்தின் தலை அதே தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது.
நைட் டூட்டி முடித்து மெர்லின் தூங்கும் பகல்களை நினைத்தேன்.
வைத்துவிட்டேன்.

மூன்றாவது அழகில்லை.
கறுப்பு, தடித்த ஒயர், தாடையைப் பிடிக்கும் இறுக்கம்.
எண்பது ஓம்.
வாரக்கணக்கில் படித்து வைத்திருந்தும்
ஓம் என்றால் என்னவென்று அந்த நேரத்தில் மறந்துபோனது.

நான் கொண்டுபோன பாட்டு பதினொரு நிமிடம்.
மூன்று வருடமாகத் தெரியும்.
நாலாவது நிமிடத்தில் எல்லாம் அடங்கி
ஒரு முரசு மட்டும் மிஞ்சும் என்பதும் தெரியும்.
மிஞ்சியது.
அதற்கடியில் இன்னொன்று இருந்தது.
அடிக்குக் கீழே, அடியே அல்லாத ஒன்று,
நகர்ந்துகொண்டு.

எங்கள் ஊரைக் கேலி செய்ய மூன்று வைத்திருக்கிறார்கள்:
அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில், நீரில்லா ஆறு.
சாமி திரும்பி வந்தாயிற்று.
ஆற்றைப் பற்றிச் சொன்னவன்
மணலுக்குள் முழங்கை வரை கைவிட்டுப் பார்த்திருக்க மாட்டான்.

“போன்ல போட்டா முனகும் மேடம்.
ஆம்ப் ஒண்ணு தனியா வேணும், ரெண்டாயிரத்தி நூறு.”
விலை போக என்னிடம் இருந்தது அறுநூறு.
முனகட்டும்.

மறுநாள் பகல், தோட்டப்பாளையத்தில்,
சத்தத்தைக் கடைசிக் கோடுவரை ஏற்றினேன்.
மெர்லின் புரண்டுகூடப் படுக்கவில்லை.
ஒடுகத்தூரிலிருந்து அம்மா போனில்:
“எண்பது ஓமா? நூத்தியெட்டுன்னாலும் புண்ணியம்.”

இதற்குள் காந்தம் இருக்கிறது,
அதனால் என் ஸ்கேன் அறைக்குள் அனுமதியில்லை.
கொண்டை ஊசி, சில்லறை, கைக்கடிகாரத்தோடு
வெளியே லாக்கரில் கிடக்கும்.
உள்ளே நோயாளிக்குப் போடுவது வெறும் பிளாஸ்டிக்;
காற்றுக்குழாய் வழியே பாட்டு வரும்,
தகர டப்பாவுக்குள் யாரோ பாடுவதுபோல்.

நேற்று பர்தமான்காரர் வெளியே வந்து
காதைத் தேய்த்துக்கொண்டே ஏதோ கேட்டார்.
கடைசியில் வந்ததே, அந்த டட்டட்டட்,
அது என்ன பாட்டு என்று கேட்டதாகப் பட்டது.
என் வங்காளத்தை
அவ்வளவு நம்ப முடியாது.