நாலா, இரண்டு தசம் எட்டா

பழைய லென்ஸ் என்னைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது.
திராய்மடு வீட்டுத்திட்டத்தில் அறைகள் பத்துக்குப் பத்து.
பதினெட்டில் வைத்தால் மணப்பெண் வருவாள், தோழி வரமாட்டாள்.
தோழியும் வரவேண்டுமென்றால்
நான் சுவருக்குள் போகவேண்டும்.
ஒருமுறை வாசல்வழியே பின்னோக்கி நடந்து
நிறைகுடத்தில் உட்கார்ந்தேன்.
அந்த வீடியோவின் முடிவில் தெரிவது
கூரை ஓடும் ஒரு காகமும்.
கேட்பது, லைற் பிடித்த சுகிர்தனின் சிரிப்பு.

திருமலை வீதியில் முபாரிஸின் கடை.
கண்ணாடி மேசைமேல் இரண்டை வைத்தான்.
ஒன்று, இரண்டு தசம் எட்டு.
கரண்ட் போன இரவில் குத்துவிளக்கே போதும் என்றான்.
கையில் எடுத்தேன். அரைக் கிலோ சீனி.
இதைக் கிம்பலில் பூட்டினால்
மூன்றாவது மணித்தியாலத்தில்
தாலி ஏறும்போது என் மணிக்கட்டு இறங்கும்.

மற்றது நாலு. வெளிச்சம் பாதி.
ஆனால் சின்ன ஜாம் போத்தல் அளவு.
சூம் பண்ணினாலும் மூக்கு நீளாது, எடை இடம் மாறாது,
பெருவிரலால் ஒரு லீவரைத் தொட்டால்
பத்திலிருந்து இருபதுக்கு
வள்ளம் கரை ஒதுங்குவதுபோல் வரும்.
"ஃபோக்கஸ் மாறக்குள்ள படம் மூச்சு விடாது."
விடுமா என்றேன்.
"மலிவானது விடும் தங்கச்சி.
மலிவெல்லாம் உயிரோடதான் இரிக்கு."

ஓரம் எப்படி என்று பார்க்க
அவனையே இடது மூலையில் நிறுத்தினேன்.
தலை பப்பாசியாய் நீண்டது.
நடுவுக்கு வந்தான், முபாரிஸ் ஆனான்.
மூலைகளில் யாரை விடலாம் என்று
அந்த நேரமே கணக்குப் போட்டேன்:
பந்தல் கால், ஐஸ்கிறீம் பெட்டி, ஜெனரேற்றர்காரர்.
மாப்பிள்ளையின் பெரியம்மாவை ஒருநாளும் இல்லை.

வெளிச்சமா மணிக்கட்டா என்று
இரண்டு நாள் சோற்றோடு பிசைந்தேன்.
ஆவணியில் எட்டு வீடு. இரவில் இரண்டுதான்.
இருட்டுக்குச் சுகிர்தன் இருக்கிறான்.
மணிக்கட்டுக்கு ஆள் இல்லை.
நாலை வாங்கினேன், மூன்று தவணையில்.

திரும்பும்போது கல்லடிப் பாலத்தில் நின்று
பத்தில் பார்த்தேன்.
வாவி ஒரு நூல்.
மேலே செலவழிக்க முடியாத அளவு வானம்,
கீழே என் செருப்பு நுனி.
பெரியதை இப்படிச் செய்கிற சாமான்
சின்னதை என்ன செய்யும் என்று
அங்கேயே யோசித்திருக்கவேண்டும்.

நவமலர் அக்காவின் மகளுக்குச் சாமத்தியவீடு.
சுவரில் சாயாமல் முழு அறையும் எடுத்தேன்.
கட்டில், மாமிமார் ஒன்பது பேர், ஆலாத்தித் தட்டு,
யன்னல், யன்னலுக்கு வெளியே முருங்கை.
ஒருவரும் வெட்டுப்படவில்லை.
நான் எதன்மேலும் உட்காரவில்லை.

பத்தாம் நாள் அக்கா கோல் எடுத்தா.
"புள்ள, சூரிச்சில இரிக்கிற தம்பி வீடியோ பாத்திட்டான்.
மண்டபம் மாதிரி வீட்ட வெச்சிக்கிட்டு
அறை இறக்க என்னத்துக்குக் காசு எண்டு கேக்கான்.
சீமெந்துக்கு இனி அனுப்பமாட்டானாம்.
நீதான் எண்ட வீட்டக் கட்டிட்டியே."

போனோம்.
அதே கதவு, அதே லென்ஸ்.
லீவரைத் தள்ளினேன், இருபது.
அறை கிட்ட வந்தது. இருந்தும்
வசதியானவர்களின் வீடு போலத்தான் இருந்தது.
ஒரு சுவரையும் நான் தள்ளிவைத்ததில்லை.
நின்ற இடத்தில்தான் நின்றேன்.
அதை சூரிச்சுக்கு எப்படிச் சொல்வது?

சுகிர்தன் எங்கேயோ ஒரு மேசனிடம்
அளவுநாடா வாங்கிவந்தான்.
சுவருக்குச் சுவர் இழுத்துப் பிடித்தோம்.
எண் தெரியக் குனிந்து,
மூலைக்குப் போகவிடாமல் நடுவில் வைத்து எடுத்தேன்.
பத்தடி இரண்டு அங்குலம்.

அக்கா என் தோளுக்கு மேலால் எட்டித்
திரையைப் பார்த்தா. கொஞ்ச நேரம் பார்த்தா.
"அந்த ரெண்டு அங்குலத்த
விரலால மறைச்சி எடு, புள்ள."