ஜன்னலுக்குக் கட்டணம் இல்லை

லீமாவில் மழை பெய்வதில்லை.
ஜூலை மாத வானம் ஈரத்துணிபோலத் தொங்கும்,
பிழிய ஆளில்லாமல்.
அதற்கடியில் விடிகாலை ஐந்துக்கு
மலைமேட்டிலிருந்து இறங்குகிறது எங்கள் வேன்.
பதினாறு இருக்கை, இருபத்தொன்பது பேர்,
கதவில் தொங்கிக்கொண்டு நான், எடெல்மிரா.

நிறுத்தங்களைக் கூவுவது, சில்லறை வாங்குவது,
"ஏறுங்க, உள்ளே காலியா இருக்கு" என்று
கூசாமல் பொய் சொல்வது
எல்லாம் கூலிக்கு.
ஜன்னலைத் திறந்துவைப்பது மட்டும்
என் சொந்தக் கணக்கு.

வேகத்தடை ஒவ்வொன்றிலும்
தானே சறுக்கி மூடிக்கொள்ளும் கண்ணாடி.
தின்று போட்ட சோளக்கட்டையைச்
சந்தில் செருகி நிறுத்துவேன்.
யாராவது பிடுங்கி வெளியே எறிவார்கள்.
பையில் இன்னும் நாலு கட்டை இருக்கும்.

"குளிர்காத்து மார்பில் இறங்கினா ஆள் காலி,"
என்பாள் தலை காயாத கல்லூரிக்காரி.
"ஏம்மா, எங்களைக் கொல்லவா பார்க்கிறே?"
என்பார் மூலிகைக் கஷாயம் விற்கப் போகிறவர்,
கொதிக்கும் கேனை மடியில் அணைத்தபடி.
ஓட்டுநர் வில்பெர் கண்ணாடி வழியே முறைப்பான்:
பக்கத்து வேன் கதகதப்பாய் இருக்கிறதாம்.
இருக்கும். முப்பது பேர் விட்ட மூச்சையே
முப்பது பேரும் மாற்றி மாற்றிக் குடித்தால்
கதகதப்பாய்த்தான் இருக்கும்.

எனக்குத் தெரியும் அந்தக் கதகதப்பு.
தையல்கூடத்தில் பதினோரு மெஷின்,
தூசு வருமென்று ஆணியடித்த ஜன்னல்.
நாலாவது மெஷினில் சோசிமா இருமினாள்.
தேன் கொடுத்தோம், யூகலிப்டஸ் இலை கொடுத்தோம்,
சால்வைகூடக் கொடுத்தோம்.
காற்றை மட்டும் கொடுக்கவில்லை.

பிறகு ஆறு மாதம்
சுகாதார நிலையத்தில், நர்ஸ் பார்க்க,
பிளாஸ்டிக் கோப்பைத் தண்ணீரும் கைநிறைய மாத்திரையும்.
சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது.
இரண்டாம் மாதமே உடம்பு தேறி
"போதுமே" என்றது.
உடம்பு பேச்சைக் கேட்காதே என்றாள் நர்ஸ்.
நான் கேட்கவில்லை.
சோசிமா கேட்டாள்.

இதையெல்லாம் வேனில் சொல்ல முடியாது.
அந்த நோயின் பெயரை உரக்கச் சொன்னால்
பக்கத்து இருக்கை காலியாகும்,
பிறகு பக்கத்து வீடு.

பின்வரிசைக் காவலாளி தியோதோசியோ
மூன்று வாரமாய் உள்ளங்கைக்குள் இருமினார்,
அதே கையால் காசு நீட்டினார்.
ஒருநாள் மீதிச் சில்லறையோடு
டிக்கெட்டின் முதுகில் எழுதிக் கொடுத்தேன்:
சளிப் பரிசோதனை. காசு வேண்டாம்.
காலையில் போங்கள். நானும் போனவள்தான்.
படித்தாரா தெரியாது.
கசக்கிச் சட்டைப்பைக்குள் போட்டதைப் பார்த்தேன்.
அப்புறம் ஆளே இல்லை.
உன்னால் ஒரு டிக்கெட் போச்சு என்றான் வில்பெர்.

செப்டம்பரில் ஏறினார், முகக்கவசத்தோடு,
ஒரு சுற்று இளைத்து.
என்னைப் பார்க்கவில்லை.
ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியைத் தள்ளினார்,
அது சறுக்கியது, மறுபடி தள்ளி
முழங்கையால் அணைகொடுத்துக்கொண்டார்.
பின்னாலிருந்து யாரோ "குளிருது" என்றார்கள்.
"பொத்தானைப் போடுங்க," என்றார். அவ்வளவுதான்.

கட்டணத்தில் பத்து சென்டிமோ குறைவாய்த் தந்தார்.
கேட்டு வாங்கினேன்.
ஒரு சோளக்கட்டையை அவர் மடியில் போட்டுவிட்டுக்
கதவுக்குத் திரும்பினேன்.

"பாலம்! பாலம் இறங்குறவங்க முன்னாடி வாங்க!"