ஒன்பதாம் பலகை

"அறுபது சொல். அதுக்கு மேல ஒருத்தரும் நிக்கமாட்டாங்க.
சுவாரசியமா இருக்கணும், கனமா இருக்கக் கூடாது"
என்றார் பொறியாளர் தணிகாசலம்.

எட்டை எழுதி முடித்திருந்தேன்:
அகழி, படகுத்துறை, கல்யாண மண்டபத்து யாளி,
செல்ஃபிக்கென்று தரையில் ஒரு மஞ்சள் வட்டம்.
ஒன்பதாவது,
சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திய இடம்.

'சுடப்பட்டனர்' என்று எழுதினேன்.
யாரால் என்று வினைச்சொல்லே திரும்பிக் கேட்டது.
'சுட்டார்கள்' என்றால்
யார் என்று சொல்ல இன்னும் நாலு சொல் வேண்டும்.
'உயிர்நீத்தனர்' போடுங்களேன் என்றார் சார்,
ஏதோ அவர்களே மூச்சைக் கழற்றி
கல்மேல் வைத்துவிட்டுப் போனமாதிரி.

மதியம் கருத்துக்கணிப்பு.
வேலூர் வெயிலில் கோட்டை பார்க்க யார் வருவார்?
வந்திருந்தார்கள், மரத்துக்கு மரம்,
பிளாஸ்டிக் பையில் எக்ஸ்ரே, மடியில் பொரி.
புருலியாவிலிருந்து நிராபத மஹதோ,
பாபுராவ் தெரு லாட்ஜில் பதினாறாம் நாள்.
என் இந்தியும் அவர் தமிழும்
நடுவில் எங்கோ நொண்டிக்கொண்டு சந்தித்தன.

கோட்டைக்கு வந்த காரணம்?
ரிப்போர்ட் நாலு மணிக்கு.
இங்கே எவ்வளவு நேரம் செலவிடுவீர்கள்?
நாலு மணி வரைக்கும்.
மிகவும் கவர்ந்தது?
யோசித்து, நிழல் என்றார்.
மீண்டும் வருவீர்களா?
பதறிக் காதைத் தொட்டுக்கொண்டார்.
"வரக் கூடாது தீதி. வரவே கூடாது."
என் முகம் பார்த்து,
"கோட்டை நல்ல கோட்டை" என்று சேர்த்தார்.

படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
'இல்லை'யில் டிக் அடித்தால்
எங்கள் மதிப்பெண்தான் குறையும்.

சாய்ந்திருக்கும் சுவர் எதுவென்று கேட்டார்.
இதுவாகத்தான் இருக்கும் என்கிறார்கள் என்று
எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.
அறுபது சொல் ஆகியிருக்காது.
முதுகை மெல்ல நகர்த்திக்கொண்டார்.
சுவரில் சாய்த்திருந்த எக்ஸ்ரேவை எடுத்து
மடியில் வைத்தார்.
"இவங்க வீட்டுக்கெல்லாம்
யார் போய்ச் சொன்னது?"

எனக்குத் தெரியவில்லை.
எந்தக் கோப்பிலும் நான் அதைத் தேடியதில்லை.
மூன்றே முக்காலுக்கு எழுந்து போனார்,
பொரிப்பொட்டலத்தை மறந்துவிட்டு.

பலகையில் 'சுட்டார்கள்' என்றே போட்டேன்,
யார் என்பதோடு. அறுபத்து நாலு சொல்.
செலவு மதிப்பீட்டின் அடியில் ஒரு வரி:
பெஞ்சு, ஒன்று, நிழல் விழும் பக்கம்,
காத்திருப்போருக்கு.

சார் சொற்களை எண்ணவில்லை.
'காத்திருப்போர்' மேல் ஒரு கோடிழுத்து
'பார்வையாளர்' என்று திருத்திக்
கையெழுத்துப் போட்டார்.