மானெக்கின்

இந்த ஊரில் எங்கள் வேலைக்கு அந்தப் பெயர்தான்.
கண்ணாடிக்குப் பின்னால் உடுத்தி நிற்கும் பொம்மையின் பெயர்.
என்ன, பொம்மைக்கு நாக்கு கிடையாது.
பொம்மையிடம் யாரும்
மலப் பரிசோதனைச் சீட்டும் கேட்பதில்லை.

நகாவோகாவில் பனி பேருந்தை விழுங்கும் சனிக்கிழமை.
ஏழரைக்குக் கிளம்பினால்தான் பத்துக்கு மேசை போடலாம்.
சூட்டுத் தட்டு, கத்தரி, பல்குச்சி நானூறு.
ஏப்ரன் என்னுடையது, துவைக்கும் சோப்பும்.
நாளுக்கு ஒன்பதாயிரத்து எண்ணூறு யென்.
பயணப்படி ஐந்நூறு வரை.
என் பேருந்து எழுநூற்று நாற்பது,
அதுவும் போக மட்டும்.

போன வாரம் நீல உறை சாசேஜ்.
"கடித்ததும் தோல் வெடிக்கும், கேளுங்கள்" என்றேன்.
இந்த வாரம் சிவப்பு உறை, அதன் ஜென்மப் பகை.
"கடித்ததும் தோல்..." என்று தொடங்கி, விழுங்கி,
"எவ்வளவு மெது பாருங்கள்" என்று திருப்பினேன்.
ஹொன்மா அம்மாள் தள்ளுவண்டியை நிறுத்தினார்.
"அந்த நீலம்தான் நல்லதென்று நீங்கள்தானே சொன்னீர்கள்?
மூன்று பாக்கெட் வாங்கினேனே."
வாடகை நாக்கு ஒரு நிமிடம் வேலைநிறுத்தம் செய்தது.
பிறகு ஒரு துண்டைச் சற்றுப் பெரிதாக வெட்டி நீட்டினேன்.
மென்றார். மன்னித்தாரா, தெரியாது.
ஒன்று எடுத்துக்கொண்டார்.
படிவத்தில் ஒரு கோடு.

இலக்கு நூற்றிருபது. நான்கு மணிக்கு எழுபத்தொன்று.
பிரிவுத் தலைவர் இகராஷிக்கு இருபத்தொன்பது வயது.
கடக்கும்போதெல்லாம் மிச்ச உறைகளை மனதுக்குள் எண்ணுவார்,
உதடு காட்டிக்கொடுக்கும்.

இடைவேளையில் ஏஜென்சியின் தொகியே அழைத்தாள்.
"பிப்ரவரியில் ஒன்றும் இல்லை.
மார்ச்சில் தயிர் வரலாம். வரலாம்தான்."
பட்டியலில் அறுபது பேர் இருந்தோம், இன்று இருபத்திரண்டு.
ஐம்பதுக்குக் கீழே ஒருத்திதான் இருந்தாள்,
அவளும் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்,
அங்கே உட்காரவாவது விடுகிறார்களாம்.
இதில் மேலே போக ஒரே வழி குதிகால் உயர்ந்த செருப்பு.
அதற்கும் தடை.

"இன்னொன்று, சிஸுரு.
அரை நாள் ஒலிப்பதிவு, பதினைந்தாயிரம்.
உங்கள் குரல் எடுக்குமாம். ஒரு பெட்டிக்கு."
கணக்குப் போட்டேன்:
ஒன்றரை சனிக்கிழமை, முழங்கால் வலி கழித்து.
போனேன்.
"வாங்க, ஒரு வாய் பாருங்க", பதினெட்டு விதமாக.
சிரித்தபடி சொன்னால் குரலிலும் சிரிப்பு விழும் என்றான் பையன்.
யாருமில்லாத கண்ணாடிச் சுவருக்கு
முப்பத்தோரு வருடச் சிரிப்பைச் சிரித்தேன்.

மார்ச்சில் தயிர் வந்தது. பெட்டியும் வந்தது.
பெட்டிக்குப் பேசத் தெரிகிறது, மூடி கிழிக்கத் தெரியவில்லை.
அதனால் நானும்.
நான்காயிரத்து எழுநூறு,
பாதியிலும் இருநூறு குறைவு,
பேச்சு பெட்டியுடையதாம்.
நான் வாயெடுப்பதற்குள் அது சொல்லி முடிக்கிறது,
என்னைவிட நன்றாக, மூச்சு வாங்காமல்.
ஒரு சிறுவன் பெட்டியைப் பார்த்தான்,
என் வாயைப் பார்த்தான், திரும்பப் பெட்டியை.
"அம்மா, இவங்க வாய் மூடிக்கிட்டே பேசறாங்க."
அம்மா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்,
கோப்பையை மட்டும் வாங்கிக்கொண்டு.

ஆறு மணி. பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டும் நேரம்.
ஹொன்மா அம்மாள் வந்தார்.
இந்த முறை முதலிலேயே கேட்டார்:
"நிஜமாகவே நல்லதா?"
ரொம்ப நல்லது என்றது பெட்டி.
மேசைக்கடியில் கட்டைவிரலால் திருகைக் குறைத்தேன்.
"புளிக்கும்" என்றேன். தொண்டை கட்டியிருந்தது.
"எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.
எதற்கும் ஒரு ஸ்பூன் பாருங்கள்."
ஒரு ஸ்பூன் பார்த்தார். இன்னொன்று கேட்டார்.
இரண்டு டப்பா எடுத்துப் பழத்தின் பக்கம் போனார்.

படிவத்தில் "வாடிக்கையாளர் கருத்து" என்றொரு கட்டம்.
புளிப்பு பற்றிக் கேட்டார்கள், விளக்கினேன்,
என்று எழுதினேன்.
பெட்டியின் ஒலி ஏன் குறைந்தது என்று கேட்க
அதில் கட்டம் இல்லை.