பக்கத்துப் பக்கம்

மெய்நிகர் கணினிக்குத்
தான் மெய்நிகர் என்று தெரியாது.
தன் நினைவகம் பூஜ்யத்தில் தொடங்குவதாக
முழு மனதோடு நம்புகிறது.
அதற்குள் இருக்கும் நெட்வொர்க் கார்டும் பொய்;
நாங்கள் எழுதிய ஆயிரத்துச் சொச்சம் வரி.
அந்தப் பொய் கார்டு
நிஜ பாக்கெட்டை வாங்கி
நிஜ இடத்தில் வைக்க வேண்டும்.
அதைப் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம்.
கக்கதாசபுரா, இரண்டாம் மாடி,
ரயில் போனால் ஜன்னல் கம்பி பேசும் அறை.

புகார் இதுதான்:
எப்போதாவது ஒரு பாக்கெட்டின் வால்
வந்து சேர்வதில்லை.
எப்போதாவது என்பது
இந்தத் தொழிலில் மிகக் கெட்ட வார்த்தை.
எப்போதும் என்றால் அரை நாளில் பிடித்துவிடலாம்.

மூன்றாம் நாள் இரவு
பாக்கெட் முழுக்க 'க' எழுதி அனுப்பினேன்.
கககககக.
ஒன்பதாயிரம் பைட் காக்கைகள்.
பிறகு நினைவகம் முழுவதையும் கொட்டித்
தேடினேன், எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று.
பாதி, சரியான கிளையில்.
மீதி,
சம்பந்தமே இல்லாத ஒரு நிரலின்
அட்டவணைக்கு நடுவில், அதை அழித்துவிட்டு.

நடுவில் ஒரு 'க' உடைந்திருந்தது.
க-வுக்கு மூன்று பைட்.
ஒன்று இங்கே, பக்கத்தின் கடைசி ஓரத்தில்.
இரண்டு அங்கே.
இவ்வளவு சுத்தமாக ஒரு எழுத்தைப் பிளக்க
எந்த இலக்கணத்தாலும் முடியாது.

அப்புறம் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது.
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட் ஒரு பக்கம்.
முதல் பக்கத்துக்கு மட்டும்
முகவரி பெயர்ப்பவனிடம் வழி கேட்டுவிட்டு
அடுத்தது அடுத்ததாகத்தானே இருக்கும் என்று
நேராக நடந்திருக்கிறது என் நிரல்.
(என் நிரல்தான். இரண்டு வருஷம் முன்னால்,
கீழே என் பெயரோடு.)

தமிழில் பக்கம் என்றால் அருகில் என்றும் அர்த்தம்.
நினைவகம் தமிழ் படித்ததில்லை.

பத்து மணிக்கு ஈரண்ணா போன் செய்தான்.
சாப்பாடு அவன் கையில், அவன் வேறெங்கோ.
"மேடம், நாலாவது கிராஸ்ல நிக்கிறேன்,
அஞ்சாவதைக் காணோம்."
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே சாக்கடைக் கால்வாய்.
பாலம் கிடையாது.
கேட்டைச் சுற்றி, கோழிக் கடை தாண்டி வர வேண்டும்.
சொன்னேன்.
அவன் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று
மறுபடி போன் செய்தான்.
எரிச்சலாக இருந்தது. பிரியாணி ஆறியிருந்தது.
ஆனால் என் கதவுக்குத்தான் வந்தது.

ஏழு வரியில் முடிந்தது திருத்தம்:
ஒவ்வொரு பக்க ஓரத்திலும் நில், கேள், பிறகு எழுது.

மறுநாள் தேவிகா ஹெப்பார் பார்த்துவிட்டு,
"இத்தனை முறை கேட்டால் யார் காத்திருப்பது?
கேட்ட பதிலை வைத்துக்கொள்," என்றாள்.
வைத்துக்கொண்டேன். வேகம் திரும்பியது.
வெள்ளிக்கிழமை
காக்கைகளும் திரும்பின.
இந்த முறை, காலி செய்துவிட்டுப் போன பக்கத்தில்
இன்னும் பழைய ஆள்தான் இருக்கிறான் என்று
வைத்துக்கொண்ட பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

செருப்பு அலமாரியின் மேல்
வசுந்தரா தலால் என்ற பெயருக்குப் பதினொரு கடிதங்கள்.
இரண்டு வங்கி, ஒரு காப்பீடு,
ஒரு கல்யாணப் பத்திரிகை, தேதி போன மாசி.
எனக்கு முன் இந்த வீட்டில் இருந்தவள்.
வாங்கி வாங்கி வைத்திருக்கிறேனே தவிர
எங்கே போனாள் என்று
வீட்டுக்காரரைக் கூடக் கேட்டதில்லை.

ஒரு பக்கம் கை மாறினால்
பழைய பதிலைக் கிழித்துப்போடச் சொல்லி
மூன்று வரி சேர்த்தேன்.
சோதனை ஓடிக்கொண்டிருந்தது,
எப்படியும் நாற்பது நிமிஷம்.
பேனா எடுத்து ஒவ்வொரு உறையிலும் எழுதினேன்:
இவர் இங்கே இல்லை.

கல்யாணப் பத்திரிகையில் மட்டும்
கொஞ்சம் சின்ன எழுத்தில்.