ரசீது எண் 4417

சேரன்மகாதேவியில், கன்னடியன் கால்வாய்க் கரையில்
பதினான்கு கட்டில் உள்ள இல்லம் எங்களுடையது.
குணமாகி யாரும் வீடு போவதில்லை.
நான் கணக்கு எழுதுகிறேன்:
வரவு இடப்பக்கம், செலவு வலப்பக்கம்,
இறப்புக்குத் தனிப் பதிவேடு.

கொடுக்க வருகிறவர்களைச்
செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.
வீரவநல்லூர் மில்காரர் பத்துச் சக்கர நாற்காலி தந்தார்.
ஒன்பதின் முதுகில் அவர் பெயர்,
பத்தாவதில் மாப்பிள்ளை பெயர்.
போட்டோ எடுக்கையில்
"ஏழாம் கட்டில்காரரைக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்கம்மா" என்றார்.
ஏழாம் கட்டிலுக்குத் தாடையில்தான் புற்று.

மெத்தைக்குப் பணம் அனுப்பிய சென்னைக் கம்பெனி
பின்னாலேயே மூன்று பிரதியில் படிவமும் அனுப்பியது.
'இவ்வாண்டு தன்னிறைவு அடைந்த பயனாளிகள் எத்தனை பேர்?'
ஒரு பகல் முழுக்க யோசித்துவிட்டு
இறப்புப் பதிவேட்டைப் பிரித்து எண்ணி
நாற்பத்தொன்று என்று நிரப்பினேன்.
மறுவருடமும் பணம் வந்தது.

கொம்பையா செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார், அதனால் தெரியவில்லை.
சித்திரையில் பதினோராம் கட்டிலில் அவர் மனைவி போனாள்.
வைகாசியில் ஒரு மஞ்சள் பை,
நூறும் ஐம்பதுமாகப் பதினோராயிரம்.
பான் கார்டு கேட்டேன்.
"ரேசன் கார்டுதாம்மா இருக்கு."
பிரம்மசக்தி நினைவாக என்று எழுதப் போனவளைத் தடுத்தார்.
"இடையில ம் வேண்டாம். அவ போடமாட்டா."
பிரமசக்தி நினைவாக.

ஆவணியில் திரும்ப வந்தார்.
உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.
"குடுத்தத கேக்கப்பிடாது, தெரியும்.
கிணத்து மோட்டார் புகைஞ்சி போச்சி.
நெல்லு பால் பிடிக்க நேரம்.
வட்டிக்கு வாங்கிருவேன்,
அவதான் வட்டின்னா ஏசுவா."

என் பேரேட்டில் அதற்குத் தலைப்பு இல்லை.
மருந்து உண்டு, டீசல் உண்டு, அமரர் ஊர்தி உண்டு.
கொடுத்த கையே திரும்ப நீண்டால்
எந்தப் பத்தியில் எழுதுவது?
போனில் செயலாளர்
விதி பதினெட்டை முழுசாக வாசித்தார்,
'எக்காரணம் கொண்டும்' என்பதை இரண்டு தரம்.
எஸ்தர்புஷ்பம் சிஸ்டர்
கையுறையைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தாள்.
முழுக்கக் கேட்கவில்லை.
"பீரோச் சாவி எங்கட்டீ?"

அவர் எண்ணிப் பார்க்காமல் பணத்தைப் பையில் போட்டார்.
"ரசீதத் தரணும் அண்ணாச்சி. ரத்து பண்ணணும்."
சட்டைப் பையிலிருந்து பாலித்தீன் உறை,
உறைக்குள் நாலாய் மடித்த அது.
நீட்டிய கை பாதியில் நின்றது.
"இத நான் வச்சிக்கிடலாமா?
ஆதார்லயும் ம் போட்டுட்டாவ,
இறப்புச் சான்றிதழ்லயும் ம்.
சரியா எழுதினது இது ஒண்ணுதான்."

கண்ணாடியைத் துடைத்தேன். அதில் ஒன்றும் இல்லை.
அவர் போன பிறகு
அடிக்கட்டையில் குறுக்கே கோடிட்டு
'ரத்து' என்று எழுதினேன்.

ஏப்ரலில் ஆடிட்டர் வந்தார்.
விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டியவர்
4417இல் நின்றார்.
"ரத்தானதுன்னா அசல் இங்க இருக்கணுமே?"
"எலி கடிச்சிட்டு சார்."
அந்த நாற்பத்தொன்றைச் சேர்க்காவிட்டால்
பத்தொன்பது வருடத்தில் என் முதல் பொய்.
அவர் ஓரத்தில் பென்சிலால் குறித்தார்:
ஆவணப் பாதுகாப்பு போதாது. எலிகளை ஒழிக்கவும்.

மறுநாள் கடைத்தெருவில்
எலிமருந்து வாங்கினேன்.
அறுபது ரூபாய். இதர செலவு. பில் ஒட்டியிருக்கிறது.
டப்பாவை இன்னும் பிரிக்கவில்லை.
பீரோவில்,
அந்த அடிக்கட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது.