நானூற்றுப் பதினெட்டாம் வரி

பூந்தா அரேனாஸில் இரவு பதினொன்று.
காற்று தெருவில் ஆள் பிடிக்கிறது.
மூலைக்கு மூலை கயிறு கட்டியிருக்கிறார்கள்,
பற்றிக்கொண்டு நடக்க.
யாஸ்னா குசனோவிச்சுக்கு இன்றைக்குப் பற்றிக்கொள்ள
திரையில் ஊரும் ஒரு நீலப் பட்டைதான்.

படகுக் கம்பெனியின் எந்திரங்கள் மேகத்துக்குக் குடிபோகின்றன.
போவதற்குமுன் தலைக்கட்டு எண்ண வேண்டும்:
இன்ன பெயர், இன்ன முகவரி, இத்தனை நினைவகம்,
கடைசியாக எப்போது விழித்திருந்தது.
அறுநூற்றுப் பன்னிரண்டு வரிகள், ஒரே கோப்பு.
எந்திரம் ஒன்றும் நகரவில்லை இன்னும்,
நகர்வது பெயர்கள்.
"நடக்கிறது" என்கிறது திரை.
மாத்தேயை ஒரு மிடறு உறிஞ்சிவிட்டுப் புதுப்பித்தாள்.
"நடக்கிறது."
உலைமூடியைத் திறந்து திறந்து பார்த்தால்
சோறு சீக்கிரம் வேகாது. தெரியும்.
புதுப்பித்தாள்.

"பிழைகளுடன் முடிந்தது."

என் கல்யாணத்தைப் பற்றி
இத்தனை நறுக்காக எந்த வக்கீலும் சொன்னதில்லை என்றாள்
எதிர்மேசை எலியோதோரோவிடம்.
அவன் காதில் ஹெட்போன்.

அறுநூற்றுப் பதினொன்று ஏறின. ஒன்று தங்கிவிட்டது.

எந்திரங்களுக்கெல்லாம் பறவைப் பெயர் வைத்தவன்
வேலையை விட்டுவிட்டு
கோய்ஐக்கேயில் பீர் காய்ச்சுகிறான் இப்போது.
கோந்தோர் ஏறிற்று. ஆல்பட்ராஸ் ஏறிற்று.
பெங்குவின்கூட, எப்படியோ.
ஏறாதது ஞாந்து,
புல்வெளியில் ஓட மட்டும் தெரிந்த நெட்டைக்கால்.
ஆனால் குற்றம் சிறகில் இல்லை, எழுத்தில்.

நமக்கு ஞ என்று தனியாக ஓர் எழுத்துண்டு,
ஞாயிறும் ஞமலியும் அதில் சௌகரியமாகக் குடியிருக்கின்றன.
அவர்களுக்கு னகரத்தின் தலைமேல் ஒரு சிற்றலை.
அலை கலைந்தால் ஆண்டு என்னும் சொல்
சபையில் சொல்லக் கூசும் உறுப்பாகிவிடும்.
புள்ளி உதிர்ந்தால் பல், பல ஆகிற மொழிக்காரன் நான்.
எனக்கு விளங்குகிறது.
கோப்பைச் சேமித்த யாரோ ஒருவர் கையில் அலை உடைந்து,
அந்த இடத்தில் கறுப்புச் சாய்சதுரம்,
நடுவே ஒரு கேள்விக்குறி.

அந்த ஒற்றை வரியை மறுபடி ஏற்றினாள்.
ஒரு பணிக்கு வைத்த பெயரை
இன்னொன்றுக்கு ஏற்காது இந்தச் சேவை.
ஆகவே: கடப்பு-2. கடப்பு-சரியானது.
கடப்பு-சத்தியமாக-கடைசி.
கடப்பு-கடவுளே.

அலையைச் சிரைத்துவிட்டு நாந்து என்று போடேன்,
என்றான் எலியோதோரோ, ஒரு காதை விடுவித்து.
போட்டாள். ஏறிற்று. பச்சை.

பச்சையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
நீரிணைக்கு அப்பால், பொர்வெனீரில்,
டிக்கெட் அறையின் படிக்கட்டுக்கு அடியில்
அது இந்நேரமும் முனகிக்கொண்டிருக்கும்.
காலை ஏழுக்கு ஆட்டு லாரிகளின் எடையைக் கூட்டி
கேப்டனுக்கு அச்சடித்துத் தரும்.
நாளைக்கு யாராவது நாந்துவைத் தேடுவார்கள்.
அப்படி ஓர் எந்திரம் கிடையாது.
இருக்கிற ஒன்றுக்கோ பட்டியலில் பெயர் கிடையாது.

பணியை அழித்தாள். அதோடு அந்த வரியும் இறங்கிப் போயிற்று.

பன்னிரண்டரைக்கு, குறியாக்கத்தை மாற்றிச் சேமித்து,
அலையோடு, முழுப் பெயரோடு,
இன்னொரு தரம்.
நடக்கிறது.
நடக்கிறது.
கைபேசியில் துறைமுக அறிவிப்பு:
காற்று நூற்றுப் பத்து. துறை மூடல். காலைப் படகு இல்லை.
ஆடுகள் கடக்கா, ஆட்களும்.
நடக்கிறது.

முடிந்தது. ஏறியது ஒன்று, தோற்றது சுழி.

தோற்ற பழையதையெல்லாம் துடைத்துவிடவா,
பட்டியல் பார்க்க அசிங்கமாயிருக்கிறது என்றான் அவன்.
வேண்டாம், முதலாவதைத் தொட்டால்
அறுநூற்றுப் பதினொன்றும் போய்விடும் என்றாள்.
அது சரியான காரணம்தான்.
மற்ற நான்கையும் ஏன் விட்டுவைத்தாள் என்று
அவன் கேட்கவில்லை.
கோட்டை மாட்டிக்கொண்டு
வெளியே கயிறு எந்தப் பக்கம் என்று
கையால் துழாவினாள்.